உள்துறைச் செயலரின் ஒரு கையெழுத்து

இந்தியாவில் ஒருவருடைய தொலைபேசியை அரசு ஒட்டுக்கேட்க நீதிபதியின் அனுமதி தேவையில்லை. ஆங்கிலத் துப்பறியும் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று நம்பும்படி இருக்காது. அங்கே நள்ளிரவில் நீதிபதி வீட்டுக் கதவைத் தட்டி வாரன்ட் வாங்குவார்கள். இங்கே ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் கையெழுத்து போதும். மத்திய அமைப்பு கேட்டால் மத்திய உள்துறைச் செயலர். தமிழகக் காவல்துறை கேட்டால் கோட்டையில் இருக்கும் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறையின் செயலர்.

அந்தக் கையெழுத்து விழுந்த காகிதம் எங்கிருந்து கிளம்புகிறது, யார் யார் கையைத் தொடுகிறது, எப்போது செத்துப்போகிறது, எந்த இடத்தில் ஓட்டை விழுகிறது என்பதுதான் இந்தப் பதிவு. இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025-இல் ஒரே வாரத்துக்குள் டில்லி உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் ஏறத்தாழ ஒரே மாதிரியான கேள்விக்கு எதிரெதிர் பதில் சொல்லியிருக்கின்றன. அந்த முரண் புரிய வேண்டுமானால் முதலில் காகிதம் புரிய வேண்டும்.

மூலச் சட்டம் 1885-ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டம். அதன் 5(2) பிரிவுதான் நூறாண்டுக்கு மேலாக ஒட்டுக்கேட்பின் ஆணிவேர். அந்தப் பிரிவுக்கு இரண்டு பூட்டுகள். முதல் பூட்டு: பொது நெருக்கடி ஏற்பட்டிருக்க வேண்டும், அல்லது பொதுப் பாதுகாப்பின் நலன் கருதியதாக இருக்க வேண்டும். அது திறந்த பிறகுதான் இரண்டாவது பூட்டு: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய ஐந்தில் ஒன்றுக்கு ஒட்டுக்கேட்பு அவசியம் என்று அதிகாரி கருத வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். இந்த ஐந்து காரணங்களும் 1972 திருத்தத்தில் வந்து சேர்ந்தவை.

தொலைக்காட்சி விவாதங்களில் இரண்டாவது பூட்டை மட்டும் காட்டி, ‘தேசப் பாதுகாப்பு என்றால் கேட்கலாம்தானே’ என்று முடித்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இரண்டும் திறந்தாக வேண்டும். வரி ஏய்ப்பு, லஞ்சம், பொருளாதாரக் குற்றம் எதுவும் பெயர் சொல்லி அந்தப் பட்டியலில் இல்லை. 1970களின் நடுவில், சட்டா என்ற சூதாட்ட வியாபாரத்துக்குப் பயன்பட்டதாகச் சொல்லித் தொலைபேசி இணைப்புகளைத் துண்டித்த வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கிவிட்டது. ‘பொருளாதார நெருக்கடி’ என்று தனியாக ஒன்றை இந்தப் பிரிவுக்குள் நுழைக்க முடியாது என்பதே அது.

2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்து பழைய தந்திச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஒட்டுக்கேட்பு அதிகாரம் இப்போது அதன் 20(2) பிரிவில் இருக்கிறது. 2024 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ளது. பொது நெருக்கடியோடு பேரிடர் மேலாண்மையையும் சேர்த்துக்கொண்டார்கள். கட்டமைப்பு அதேதான். 138 வருடச் சட்டத்தைத் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதும் வாய்ப்பு கிடைத்தும், நீதிபதிக்கு ஒரு நாற்காலி போட யாருக்கும் தோன்றவில்லை.

அல்லது தோன்றியும் போடவில்லை. இந்தக் கேள்வி 1996-லேயே எழுந்தது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை ஒன்று 1991-இல் பத்திரிகையில் கசிய, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் போனது. ஆணையே இல்லாமல் கேட்கப்பட்ட எண்கள், காலக்கெடு தாண்டியும் ஓடிக்கொண்டிருந்த பதிவுகள், சரியாகப் பராமரிக்கப்படாத பேரேடுகள் என்று அந்த அறிக்கை நெடுக நிர்வாகச் சீர்கேடுதான். 1996 டிசம்பர் 18 அன்று நீதிபதிகள் குல்தீப் சிங், சகீர் அகமது அமர்வு தீர்ப்பளித்தது. நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லி ஏற்கவில்லை. அதற்குப் பதில், அரசு 111 ஆண்டுகளாக எழுதாமல் விட்ட நடைமுறை விதிகளின் இடத்தில் தானே சில நெறிமுறைகளை வகுத்தது. அவைதான் பின்னர் தந்தி விதிகளில் 419ஏ என்ற விதியாகி, 2007-இல் விரிவாக்கப்பட்டு, 2024 டிசம்பர் 6 அன்று புதிய சட்டப்பூர்வ இடைமறிப்பு விதிகளாக உருமாறின.

இனி காகிதத்தின் பயணம்.

விசாரணை அமைப்பு கோரிக்கை எழுதுகிறது. யாருடைய எண், எதற்காக, வேறு வழியில் இந்தத் தகவலைப் பெற முடியுமா என்று யோசித்தாயிற்றா ஆகியவை அதில் இருக்க வேண்டும். ‘வேறு வழி’ என்ற நிபந்தனை விதியிலேயே இருக்கிறது. நடைமுறையில் எளிதில் மீறப்படக்கூடியதும் அதுதான். உள்துறைச் செயலர் கையெழுத்திடுகிறார். தவிர்க்க முடியாத சூழலில், முறையாக அதிகாரம் பெற்ற இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரி இடலாம். ஆணையில் காரணமும், பதிவு செய்யப்படும் பேச்சு எந்த அதிகாரிக்குத் தரப்படும் என்ற பதவிப் பெயரும் இருக்க வேண்டும். ஆயுள் 60 நாள். நீட்டிக்கலாம், ஆனால் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது. 181-ஆம் நாள் அதே எண்ணுக்குப் புதிய கோப்பு எண்ணில் புதிய ஆணை போடக் கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆறு மாதக் கெடு எவ்வளவு கெட்டி என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்து தொலைபேசி நிறுவனம். 419ஏ இந்த இடத்தில் வியக்கத்தக்க நுணுக்கத்தோடு எழுதப்பட்டது. எஸ்.பி. அல்லது கூடுதல் எஸ்.பி. நிலை நோடல் அதிகாரி (இதற்கென்றே நியமிக்கப்பட்ட தொடர்பு அதிகாரி) கடிதத்தை உறுதிப்படுத்தி அனுப்ப வேண்டும்; சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாதவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நிறுவனம் ஒவ்வொரு உரிமப் பகுதியிலும் இரண்டு மூத்த அலுவலர்களை நோடல் அதிகாரிகளாக வைத்திருக்க வேண்டும். கடிதம் கிடைத்த 2 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும். 15 நாளுக்கு ஒருமுறை, தனக்கு வந்த ஆணைகளின் பட்டியலை அந்தந்தப் பாதுகாப்பு அமைப்புக்குத் திருப்பி அனுப்பி ‘இவை எல்லாம் நீங்கள் அனுப்பியவைதானா’ என்று கேட்க வேண்டும்.

இந்தப் பதினைந்து நாள் பட்டியல் எதற்கு என்று தோன்றும். 2005-இல் டில்லியில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். அமர் சிங் அப்போது மாநிலங்களவை உறுப்பினர். அவருடைய எண்ணை ஒட்டுக்கேட்கச் சொல்லி, டில்லி காவல்துறை இணை ஆணையர் எழுதியதுபோல ஒரு கடிதம் தொலைபேசி நிறுவனத்துக்குப் போனது. கடிதம் போலி. மொழிப் பிழைகள் மலிந்து கிடந்தன. நிறுவனம் சரிபார்க்காமல் உடனே இணைப்பைத் திருப்பிவிட்டது. 2011 மே மாதம் நீதிபதிகள் சிங்வி, கங்குலி அமர்வு அமர் சிங்கின் மனுவைத் தள்ளுபடி செய்தது, அது வேறு கதை. ஆனால் இவ்வளவு அப்பட்டமான பிழைகள் உள்ள கடிதத்தைச் சரிபார்க்காமல் செயல்பட்டதற்காக நிறுவனத்துக்கு அதே தீர்ப்பில் குட்டு விழுந்தது. பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க ஒரு லெட்டர்ஹெட்டை நம்பி நின்ற காலம் அது.

போலிக் கடிதத்துக்கு மருந்தாகத்தான் மையக் கண்காணிப்பு அமைப்பைச் சொல்கிறார்கள். அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய இந்த அமைப்பு (சுருக்கமாக சி.எம்.எஸ்.) இருந்தால் நிறுவன ஊழியரின் கை படாமல் அரசு தன் பக்கத்திலிருந்தே எண்ணை இணைத்துக்கொள்ளலாம். தகவல் கசிவு குறையும் என்பது அரசின் வாதம். அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் 2 மணி நேர ஒப்புகை, 15 நாள் பட்டியல் எல்லாமே அரசுக்கு வெளியே ஒருவர் காகிதத்தைக் கண்ணால் பார்ப்பார் என்ற எண்ணத்தில் எழுதியவை. அந்த ஒரே வெளி ஆளையும் சி.எம்.எஸ். வரிசையிலிருந்து எடுத்துவிடுகிறது.

மிஞ்சுவது மறுஆய்வுக் குழு. ஆணை பிறந்த 7 வேலை நாளுக்குள் நகல் இந்தக் குழுவுக்குப் போக வேண்டும். மத்தியில் அமைச்சரவைச் செயலர் தலைவர். சட்ட விவகாரச் செயலரும் தொலைத்தொடர்புச் செயலரும் உறுப்பினர்கள். மாநிலத்தில் தலைமைச் செயலர், சட்டச் செயலர், உள்துறை அல்லாத இன்னொரு செயலர். அதாவது கையெழுத்திட்டவரின் சகாக்களும் மேலதிகாரியும். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது கூடி, ஒவ்வொரு ஆணையும் சட்டப்படி இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும்; இல்லையென்றால் ஆணையை ரத்து செய்து, பதிவான பேச்சை அழிக்கச் சொல்லலாம்.

எத்தனை ஆணைகளை? மத்திய அரசு மட்டும் மாதத்துக்குச் சராசரியாக 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் போடுவதாக ஒரு தகவல் உரிமை மனுவுக்கு உள்துறை அமைச்சகமே பதில் தந்திருக்கிறது. 2018-இல், தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றி ஆராய்ந்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு இந்த எண்ணை எடுத்துப் போட்டு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது, இது நடக்கிற காரியமில்லை என்று எழுதியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று செயலர்களும் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் 8 மணி நேரம் உட்கார்ந்தால் 28,800 நொடி. ஓர் ஆணைக்கு இரண்டு நொடிகூட வராது. கோப்பின் கட்டை அவிழ்க்கவே அதைவிட நேரமாகும். நாட்டின் நிர்வாகத்தில் மிக அதிகப் பணிச்சுமை உள்ள மூன்று அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் தலையில் மிக அதிகக் காகிதத்தை ஏற்றியிருக்கிறோம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் இந்த ஏற்பாடு வேலை செய்யாது.

அவசர வழி ஒன்றும் உண்டு. செயலரிடம் முன்கூட்டி ஆணை வாங்க முடியாத சூழலில், மத்திய அமைப்பின் தலைவர் அல்லது அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர், மாநிலத்தில் ஐ.ஜி. நிலை அதிகாரி தாமே தொடங்கலாம். 3 வேலை நாளுக்குள் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். 7 வேலை நாளுக்குள் அவர் உறுதிசெய்யாவிட்டால் நிறுத்த வேண்டும். 2024 விதிகளில் நல்ல மாற்றம் ஒன்று: உறுதி கிடைக்காமல் போனால் அதுவரை பதிவானதை எதற்கும், நீதிமன்றத்தில் சான்றாகக்கூட, பயன்படுத்தக் கூடாது, 2 வேலை நாளில் அழிக்க வேண்டும். பழைய விதியில் இந்தக் கூர்மை இல்லை.

இதுவரை சொன்னது தொலைபேசிப் பேச்சு. இணையவழித் தகவலுக்கு வேறு கதவு இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு 2008 திருத்தத்தில் இன்றைய வடிவம் பெற்று 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதில் முதல் பூட்டே கிடையாது. பொது நெருக்கடியும் வேண்டாம், பொதுப் பாதுகாப்பும் வேண்டாம். போதாக்குறைக்கு ‘எந்தக் குற்றத்தின் புலனாய்வுக்கும்’ என்று ஒரு காரணம் கூடுதல். மறைகுறியீட்டை உடைத்துத் தர மறுக்கும் நிறுவனத்தாருக்கு 7 ஆண்டு வரை சிறை. 2018 டிசம்பர் 20 அன்று உள்துறை அமைச்சகம் இந்தப் பிரிவின்கீழ் 10 அமைப்புகளுக்கு அதிகாரம் தந்தது. ஐ.பி., சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத் துறை, ரா ஆகியவற்றோடு நேரடி வரிகள் வாரியமும் அதில் உண்டு. கையெழுத்திடுபவர் அதே செயலர். மறுஆய்வும் அதே மூவர் தலையில்தான்.

இப்போது அந்த இரண்டு தீர்ப்புகள். 2025 ஜூன் 26 அன்று டில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அமித் மகாஜன் முன் வந்தது பிரகதி மைதான மறுகட்டுமானப் பணியோடு தொடர்புடைய லஞ்ச வழக்கு. 2,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம். ஒட்டுக்கேட்பு ஆணை செல்லாது என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய பொதுப்பணியில் ஊழல் நடந்தால் அது பொதுப் பாதுகாப்பையே தொடுகிறது என்று பார்த்தார்.

ஜூலை 2 அன்று சென்னையில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது 2011 ஆகஸ்ட் 12 தேதியிட்ட மத்திய உள்துறை ஆணை. ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருடைய செல்பேசியைக் கேட்க சி.பி.ஐ.க்குத் தந்த அனுமதி. வருமான வரி அதிகாரிக்கு 50 லட்சம் லஞ்சம் என்பது குற்றச்சாட்டு. நீதிபதி ஆணையை ரத்து செய்தார். வரி ஏய்ப்போ லஞ்சமோ பொது நெருக்கடியும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது. இரண்டுமே விவரமறிந்த எவருக்கும் கண்கூடாகத் தெரிய வேண்டிய நிலைமைகள், கோப்புக்குள் ஒளிந்திருக்கும் ரகசியங்கள் அல்ல என்பது முதல் காரணம். பதிவுகள் உரிய காலத்தில் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவே இல்லை என்பது இரண்டாவது. பம்பாய் உயர் நீதிமன்றமும் 2019 அக்டோபரில், 2009–10 காலத்து மூன்று சி.பி.ஐ. ஒட்டுக்கேட்பு ஆணைகளை இதே வழியில் ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொல்லியிருந்தது.

சென்னைத் தீர்ப்பே சட்டத்தின் சொற்களுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. ஊழல் பெரிதானால் பொதுப் பாதுகாப்பு என்று விரித்துக்கொண்டே போனால் முதல் பூட்டு பெயருக்குத் தொங்கும். எத்தனை கோடிக்கு மேல் ‘பெரிது’ என்று யார் தீர்மானிப்பது? லஞ்ச வழக்குகளுக்கு ஒட்டுக்கேட்பு தேவை என்று நாடு நினைத்தால் நாடாளுமன்றம் அதைச் சட்டத்தில் எழுதலாம். 2023-இல் எழுதவில்லை.

ஆனால் சென்னைத் தீர்ப்பைப் பார்த்துவிட்டு, விதி மீறினால் பதிவு தானாகச் செல்லாததாகிவிடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். சட்டவிரோதமாகப் பெற்ற சான்றும் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் ஏற்கலாம் என்று 1972 மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கின் 2005 தீர்ப்பும் நடைமுறை மீறலால் மட்டும் ஒட்டுக்கேட்பு சான்று விழுந்துவிடாது என்றது. 2017 புட்டசாமி தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்ற பிறகு மேற்சொன்ன பழைய நிலைப்பாடு எவ்வளவு தாங்கும் என்பதில்தான் உயர் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன. பம்பாயும் சென்னையும் ஒரு பக்கம்.

பேச்சைக் கேட்பதற்கு இவ்வளவு காகிதம். யார் யாரோடு, எப்போது, எந்த டவரிலிருந்து, எத்தனை நொடி பேசினார் என்று பார்க்க இவ்வளவெல்லாம் தேவையில்லை. அழைப்பு விவரப் பதிவைக் கேட்க உள்துறைச் செயலர் வேண்டாம், எஸ்.பி. நிலை அதிகாரியின் ஒப்புதலோடு, ஆவணம் கோரும் சாதாரண குற்றவியல் நடைமுறைப் பிரிவே போதும். முன்பு 91, இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தில் 94. நிறுவனங்கள் இந்தப் பதிவை ஓர் ஆண்டு வைத்திருந்தால் போதும் என்றிருந்தது 2021 டிசம்பரில் இரண்டு ஆண்டாகியது. இரண்டு வருட இருப்பிட வரலாறு ஒருவருடைய பேச்சைவிட அதிகம் பேசும். ‘டவர் டம்ப்’ என்றால் இன்னும் விசேஷம்: ஒரு டவரின் கீழ் அந்த நேரத்தில் இருந்த எல்லோரும் வலையில்.

இதன் இணையப் பதிப்புதான், கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு. சைபர் பாதுகாப்பு என்ற பெயரில் வந்தது, பாதி நல்லது. ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிக் கடிகாரங்களை அரசு அமைப்புகளான என்.ஐ.சி. அல்லது என்.பி.எல். நேர சர்வரோடு ஒத்திசைக்க வேண்டும், லாக் கோப்புகளை (கணினியில் நடந்தவற்றின் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். சர்வரைக் கவனிக்கும் எவரும் லாக் விஷயத்தில் தலையாட்டுவார். தாக்குதல் நடந்ததே பல நேரம் மாதங்கள் கழித்துத்தான் தெரியவரும். சிக்கல் வி.பி.என். (பயனரின் இணைய அடையாளத்தை மறைக்கும் சேவை), வாடகை சர்வர், கிளவுட் நிறுவனங்களுக்கான பகுதியில் இருந்தது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. எண், எதற்காக வாங்குகிறார் என்ற காரணம் ஆகியவற்றை, அவர் விலகிய பிறகும் 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் வி.பி.என்., சர்ஃப்ஷார்க், நார்ட் மூன்றும் இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. பதிவு வைக்காததே அவர்கள் விற்கும் பொருள். 2023 நவம்பரில் செர்ட்-இன் தகவல் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. நாட்டின் எல்லாத் தகவல் கசிவுகளும் போய்ச் சேரும் அலுவலகத்திடம் இனி ஒரு எண்ணிக்கை கேட்பதுகூடச் சிரமம்.

கைபேசிக்குள் புகும் உளவு மென்பொருளான பெகாசஸ் இந்த எந்தக் காகிதத்துக்கும் அடங்காதது. விதிகள் எல்லாம் நடுவில் ஒரு நிறுவனம் இருக்கும், அதனிடம் ஆணையைக் கொடுப்போம் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. வாட்ஸ்அப் போன்றவற்றில் முனைக்கு முனை மறைகுறியாக்கம் வந்தபின் நடுவில் நிற்பவரிடம் பேச்சு கிடையாது. ஆகவே கருவிக்குள்ளேயே நுழைகிறார்கள். அடுத்தவர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்கீழ் 3 ஆண்டு வரை சிறை தரக்கூடிய குற்றம். 69-ஆவது பிரிவில் ‘சேமிக்கப்பட்ட தகவல்’ என்ற சொல் இருப்பதால் அரசுக்கு அது இடம் தருகிறது என்று வாதிடலாம். உளவு மென்பொருளை நட்டுவைக்கலாம் என்று எந்த வரியும் சொல்லவில்லை. கேமராவைத் திறப்பது, மைக்கை இயக்குவது எல்லாம் ‘இடைமறிப்பு’ என்ற சொல்லுக்குள் எப்படி வரும்?

உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 27 அன்று, தேசப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டால் நீதிமன்றம் வாய்மூடி நிற்காது என்ற பொருள்பட எழுதி, ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திரன் மேற்பார்வையில் தொழில்நுட்பக் குழு அமைத்தது. 2022 ஆகஸ்ட் 25 அன்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது இது: 29 கைபேசிகள் சோதிக்கப்பட்டன, 5-இல் ஏதோ தீய மென்பொருள் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அரசு ஒத்துழைக்கவில்லை. தன்னிடம் அந்த மென்பொருள் இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அரசு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உறையிலிட்ட அறிக்கை பொதுவெளிக்கு முழுதாக வரவில்லை.

பிரிட்டனில் 2016 சட்டத்துக்குப் பின் அமைச்சர் கையெழுத்திட்டாலும் நீதித்துறை ஆணையர் ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் ஆணை உயிர் பெறும். ஆண்டறிக்கையில் எண்ணிக்கை வெளிவரும். அமெரிக்காவில் குற்ற வழக்குக்கான ஒட்டுக்கேட்பு முடிந்து 90 நாளுக்குள் சம்பந்தப்பட்டவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது பொதுவிதி, நீதிபதி தள்ளிப்போடலாம். (அயல்நாட்டு உளவு என்று வந்துவிட்டால் அவர்களும் யோக்கியர்கள் அல்ல என்பதை 2013-இல் ஸ்னோடன் காட்டினார்.) இங்கே உங்கள் தொலைபேசி கேட்கப்பட்டது உங்களுக்குத் தெரிய ஒரே வழி, அது குற்றப்பத்திரிகையில் ஒலிப்பதிவாக வந்து நிற்பது. வழக்கே போடாமல் கேட்டுவிட்டு விட்டால் தெரியவே தெரியாது. நீதிமன்றத்தில் விழும் ஆணைகள் எல்லாம் லஞ்ச வழக்குகளாகவே இருப்பதன் காரணமும் இதுதான். அரசியல் நோக்கத்தோடு கேட்கப்பட்ட ஒன்று குற்றப்பத்திரிகை வடிவில் வெளியே வரப்போவதில்லை.

தகவல் உரிமை மனு போட விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ.பி., சி.பி.ஐ., என்.ஐ.ஏ., செர்ட்-இன் எல்லாம் 24-ஆவது பிரிவின் விலக்குப் பட்டியலில் உள்ளவை; அவற்றுக்கு எழுதுவது அஞ்சல் செலவு. உள்துறை அமைச்சகமும் மாநில உள்துறையும் ஆணை பிறப்பிக்கும் அலுவலகங்கள். அங்கே கேளுங்கள். பெயரையும் எண்ணையும் கேட்டால் 8(1)(ஏ), அதாவது தேசப் பாதுகாப்பு விலக்கு, என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தன் எண் கேட்கப்பட்டதா என்று ஒருவர் கேட்டதையே டில்லி உயர் நீதிமன்றம் தர வேண்டியதில்லை என்றிருக்கிறது. எண்ணிக்கையைக் கேளுங்கள்: ஆண்டுவாரியாக எத்தனை ஆணை, அதில் அவசர வழியில் எத்தனை, 7 நாளில் உறுதி கிடைக்காமல் போனவை எத்தனை, மறுஆய்வுக் குழு கூடிய தேதிகள், குழு ரத்து செய்தவை எத்தனை. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில், பிறகு 30 நாளில் முதல் மேல்முறையீடு, 90 நாளில் இரண்டாவது. ‘அப்படித் தொகுத்து வைக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால், கூட்டத் தேதிகளை மட்டும் தனி மனுவாகக் கேட்கலாம். தேதிக்குத் தேசப் பாதுகாப்பு காரணம் சொல்வது கொஞ்சம் கடினம்.

ஒலிப்பதிவு வழக்கில் வந்துவிட்டால், வழக்கறிஞர் முதலில் கேட்க வேண்டியது பேச்சின் எழுத்துப் படியை அல்ல, ஆணையின் நகலை. கையெழுத்திட்டவர் அன்று அந்தப் பதவியில் இருந்தாரா? இணைச் செயலர் என்றால் ‘தவிர்க்க முடியாத சூழல்’ எங்கே பதியப்பட்டிருக்கிறது? காரணம் என்ற இடத்தில் சட்டப் பிரிவின் வாசகமே திருப்பி எழுதப்பட்டிருந்தால் அது காரணமே அல்ல. ஆணைத் தேதிக்கு முந்தைய அழைப்பு ஏதாவது பதிவில் இருக்கிறதா? 60-ஆம் நாளுக்குப் பிந்தையது? நீட்டிப்பு ஆணை முந்தையது காலாவதியாகும் முன் போடப்பட்டதா? மறுஆய்வுக் குழுவுக்கு நகல் அனுப்பிய முகப்புக் கடிதமும் குழுவின் முடிவும் எங்கே? சென்னை வழக்கில் சி.பி.ஐ. சறுக்கிய இடங்களில் ஒன்று இந்தக் கடைசிக் கேள்வி. 2024 ஜூலைக்குப் பிந்தைய வழக்குகளில் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழில் கோப்பின் ஹேஷ் மதிப்பும் (கோப்பின் கைரேகை போன்ற எண்) இருக்க வேண்டும். தரப்பட்ட நகலில் அதைக் கணக்கிட்டு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும், பலர் செய்வதில்லை.

இதை எல்லாம் தாமதமில்லாமல் கேட்க வேண்டும். அமைப்புகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தேவையில்லாத ஆணைகளையும் பதிவுகளையும் அழிக்க வேண்டும் என்பது விதி. கேட்கப்பட்டவரின் அந்தரங்கத்தைக் காக்க 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் வழியில் வந்த நல்ல விதி அது. விதி மீறி ஒருவரை ஒட்டுக்கேட்டதற்கான தடயமும் அதே விதியின்கீழ், அதே ஆறு மாதத்தில், முறைப்படி அழிக்கப்படுகிறது.